மீன் தொட்டி நீரைத் தெளிவாக வைத்திருத்தல்: ஊதாக் கடந்த கதிர் விளக்கின் பயனும் எல்லையும்

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் நிறைவுற்றுக் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும், அவ்வூரிலும் முள்ளியவளை முதலிய அயலூர்களிலும் கிணறுகளின் நீர்மட்டம் தாழ்கின்றது, வெயில் கடுமையாகின்றது. வீட்டு விறாந்தையிலே வைத்திருக்கும் கண்ணாடித் தொட்டியின் நீர், அதுகாறும் உள்ளே நீந்தும் மீனின் செதில்களை எண்ணத்தக்கவாறு தெளிந்திருந்தது, ஒரு கிழமைக்குள் இளம்பச்சையாகிப் பின்னர் கீரை அவித்த நீர்போலாகின்றது. வளர்ப்போர் பெரும்பாலும் முதலிற் செய்வது நீர் முழுவதையும் இறைத்து ஊற்றிவிட்டுக் கிணற்று நீரைப் புதிதாக நிரப்புவதாகும். நான்கைந்து நாள்களில் அதுவும் பச்சையாகிவிடும். இவ்வாறு இரண்டு மூன்று முறை நேர்ந்தபின், கடைகளில் 'யூ.வி. விளக்கு' என விற்கப்படும் ஊதாக் கடந்த கதிர் விளக்கை வாங்கினால் என்ன என்ற எண்ணம் எழுகின்றது.

அவ்விளக்குப் பயனுடைய கருவியே. ஆயினும் நீர் கலங்குவதற்குரிய காரணங்கள் பல; விளக்கு நீக்குவது அவற்றுட் சிலவற்றை மாத்திரமே. காரணத்தை அறியாது விளக்கை வாங்குவோர் பணத்தை இழப்பதோடு, சில வேளைகளில் மீன்களையும் இழக்க நேரிடுகின்றது. கப்பி, மொலி, பொன்மீன் முதலியவற்றை விற்பனைக்காக வளர்ப்போருக்கு இது வெறும் அழகு பற்றிய விடயமன்று. மீனின் நிறத்தைக் காணமுடியாத நீரில் நின்று எவரும் மீன் வாங்கமாட்டார்.

கலங்கலின் வகையை அறிதல்

தெளிந்த கண்ணாடிக் குவளையொன்றில் தொட்டி நீரை நிரப்பி, அதன் பின்னால் வெள்ளைத் தாளொன்றைப் பிடித்துப் பகல் வெளிச்சத்திற் பார்த்தல் வேண்டும். பின்னர் அக்குவளையை வெளிச்சம் படாத மூலையில் ஓரிரவு அசையாது வைத்துக் காலையில் மீண்டும் பார்த்தல் வேண்டும். இச்சோதனைக்குச் செலவு யாதுமில்லை. இதனைச் செய்யாமல் எதனையும் வாங்குதல் தகாது.

காலையிற் குவளையின் அடியில் வண்டல் படிந்து மேல்நீர் தெளிந்திருக்குமாயின், அது மண் கலங்கலாகும். மாரிகாலத்தில் வாய்க்கால் நீரையோ வெள்ளம் புகுந்த கிணற்றின் நீரையோ தொட்டிக்கு எடுப்போர் இதனைக் காண்பர். களித்துணிக்கை உயிரற்றது, ஆதலின் எக்கதிரும் அதனைக் கொல்ல முடியாது. நம் முன்னோர் உலர்வலயக் காடுகளில் வளரும் தேற்றா மரத்தின் கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்துச் சேற்று நீரைத் தெளிய வைத்தனர். நுண்ணிய களித்துணிக்கைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பாரமாகி அடியிற் படிவதே அதன் இரகசியம். அம்முறையைக் கையாள விரும்புவோர் மீன் இல்லாத வேறொரு பாத்திரத்தில் நீரைத் தெளியவைத்து, மேல்நீரை மாத்திரம் தொட்டிக்கு எடுத்தல் வேண்டும். மீன் இருக்கும் தொட்டியில் எவ்வகைக் கொட்டையையோ படிகாரத்தையோ இடுதல் கூடாது.

நீர் பால் கலந்தாற்போல் வெளிறியிருந்து, இரவு கழிந்தும் படியாதிருக்குமாயின், அது பற்றீரியாக்கள் பெருகியதன் விளைவாகும். புதிதாக அமைத்த தொட்டிகளிலும், உணவை அளவின்றி இட்ட தொட்டிகளிலும் இது தோன்றும். மூன்றாவது வகை பச்சைக் கலங்கல். அதனைப் பற்றியே பின்னர் விரிவாகக் கூறப்படும். இவற்றுள் எதனிலும் சேராத, கலங்கல் என்றே சொல்லத்தகாத ஒன்றும் உண்டு: நீர் தேயிலைச் சாயம்போற் பழுப்பாயிருக்கும், ஆனால் அதனூடு பார்த்தால் தாளிலுள்ள எழுத்துத் தெளிவாகத் தெரியும். தொட்டியிலுள்ள மரத்துண்டு, உலர்ந்த இலை ஆகியவற்றிலிருந்து ஊறும் சாயமே அது. மீனுக்கு அதனால் தீங்கில்லை. விரும்பாதோர் வடிகட்டியில் ஏவப்பட்ட கரியை இட்டு அதனை நீக்கலாம். ஆனால் இச்சாயம் ஊதாக் கடந்த கதிர்களை விழுங்கும் இயல்புடையதென்பதை விளக்கு வைத்திருப்போர் மறவாதிருத்தல் வேண்டும்.

பால்போன்ற கலங்கலில் மறைந்துள்ள ஆபத்து

இவ்வகைக் கலங்கலை விளக்கினால் அகற்ற முடியும். தீங்கு தொடங்குவதும் இங்கேதான். மீனின் கழிவிலிருந்தும் உண்ணாது அழுகும் உணவிலிருந்தும் அமோனியா உண்டாகின்றது. நன்கு பழகிய தொட்டியில் ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாகவும், வேறொருவகை நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முன்னைய இரண்டும் மீனுக்கு நஞ்சு. கடைசியிற் கூறியது மிகுந்தாலன்றித் தீங்கு செய்யாது. இப்பற்றீரியாக்கள் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் போதிய அளவிற் குடியேற நான்கு முதல் ஆறு கிழமை வரை செல்லும். அதற்கு முன்னரே பல மீன்களை விட்டு, தாராளமாக உணவும் இட்டால், அமோனியா ஏறுகின்றது, நீரும் வெளிறுகின்றது.

அந்நிலையில் விளக்கை ஏற்றினால் நீர் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும்; அமோனியா அப்படியே இருக்கும். தெளிந்த நீரைக் கண்டு வளர்ப்பவர் மனநிறைவடைந்து மேலும் உணவிடுவார். வன்னியின் கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீராகவும் சிறிது காரத்தன்மையுடையதாகவும் இருப்பதனால் இங்கே இவ்வாபத்து மிகுதி. காரத்தன்மை கூடக் கூட அமோனியாவின் நஞ்சும் கூடுகின்றது. ஆகவே பால்போன்ற கலங்கலுக்குப் பரிகாரம் விளக்கன்று. உணவை இரண்டு மூன்று நாளைக்கு நிறுத்துதல், நாள்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுதல், காற்றுக் குமிழிகளை இடைவிடாது செலுத்துதல் ஆகியவையே பரிகாரமாகும். வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் உணவின்றி இருப்பதனால் மெலிந்துவிடாது.

நீர் மாற்றும்போது கவனிக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. வெள்ளத்தின் பின் கிணறுகளுக்கு வெளிற்றுந் தூள் இடுவது வழக்கம். குளோரீன் மணமுள்ள நீரை நேரே தொட்டியில் ஊற்றினால் மீனும் மாளும், முன் கூறிய நற்பற்றீரியாக்களும் மாளும். அந்நீரை அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் ஊற்றி, காற்றுக் குமிழி செலுத்தி, ஒரு நாளேனும் வைத்திருந்து, மணம் முற்றாக நீங்கியபின் பயன்படுத்துதல் வேண்டும்.

நீர் பச்சையாவது ஏன்

பச்சை நிறத்திற்குக் காரணம் நீரில் மிதந்து வாழும் ஒருகலப் பாசிகள். குளோரெல்லா முதலிய இவை தனித்தனியே கண்ணுக்குப் புலனாகா. கோடிக்கணக்கிற் பெருகியபோதே நீர் நிறம் மாறுகின்றது. நல்ல வெயிலும் ஊட்டமும் கிடைத்தால் ஒரு கலம் ஒரு நாளிலோ அதற்குட்படவோ இரண்டாகும். எனவே நீரில் பத்தில் ஒன்பது பங்கை மாற்றினாலும் எஞ்சிய ஒரு பங்கிலுள்ள பாசி சில நாள்களில் முன்னைய அளவை எட்டிவிடும். நீரை முழுவதும் மாற்றியும் பச்சை திரும்பி வருவதற்குக் காரணம் இதுவே.

பாசிக்கு வேண்டியவை பயிருக்கு வேண்டியவையே: ஒளி, நைதரசன், பொசுபரசு. நைதரசனும் பொசுபரசும் மீனுணவிலிருந்து கிடைக்கின்றன. கிணற்று நீரிலிருந்தும் அவை வரலாம். மணற்பாங்கான நிலத்தில் யூரியாவை அளவுக்கு மேல் இடின், பயிர் எடுத்தது போக எஞ்சியது நைத்திரேற்றாக மாறி நிலத்தடி நீருக்கு இறங்குகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பயிர்ச்செய்கைப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டத்துக் கிணற்று நீரை நிரப்பிய தொட்டி, வீட்டு மழைநீர்த் தாங்கியின் நீரை நிரப்பிய தொட்டியிலும் விரைவிற் பச்சையாகுமாயின், காரணத்தை இவ்வழியில் தேடலாம்.

பச்சை நீர் பகலில் மீனுக்குக் கெடுதி செய்வதில்லை. பாசி ஒட்சிசனை வெளிவிடுகின்றது. இரவிலோ நிலைமை மாறுகின்றது. ஒளியில்லாதபோது பாசியும் மீனைப்போலவே ஒட்சிசனை உட்கொள்கின்றது. வெப்பமான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரைவதனால், ஆனி ஆடி மாதங்களில் விடியற்புறத்தில் மீன்கள் மேற்பரப்பிற் கூடி வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். அதனை மீன்கள் உணவு கேட்பதாக எண்ணுவோர் உளர். அவ்வேளையில் உணவிடாது, காற்றுக் குமிழியைக் கூட்டுதல் வேண்டும்.

கண்ணாடியை நக்கித் துப்புரவாக்கும் 'டாங்க் கிளீனர்' மீனைப் பாசிக்கு மருந்தாக விற்பது வழக்கமாகியுள்ளது. அம்மீன் பரப்புகளில் ஒட்டிய பாசியை உண்ணுமேயன்றி மிதக்கும் பாசியை உண்ணாது. மேலும் அது ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்தபின் இடமின்றிக் குளத்தில் விட்டுவிடுகின்றனர். நம் நாட்டு நன்னீர் நிலைகளிற் பரவி, சுதேச மீன்களுக்கும் மீன்பிடிக்கும் இடையூறாகிய அந்நிய இனங்களுள் அதுவும் ஒன்று. தொட்டி மீன் எதனையும் குளத்திலோ வாய்க்காலிலோ நந்திக்கடலிலோ விடுதல் கூடாது.

விளக்குக்கு முன் கிடுகு

ஒளியைக் குறைத்தலே முதற் பரிகாரம். தொட்டியை நேர்வெயில் படாத சுவர்ப்பக்கம் மாற்றுதல், தொட்டி விளக்கை நாளொன்றுக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல் எரியவிடாதிருத்தல், முற்றத்துச் சிமெந்துத் தொட்டிகளுக்கு மேல் கிடுகு வேய்ந்து நிழல் செய்தல் ஆகியவற்றுக்குச் செலவு சொற்பம். மிகவும் பச்சையான கண்ணாடித் தொட்டியை நான்கு நாளைக்குக் கறுப்புத் துணியால் முற்றாக மூடி, உணவிடாது, காற்றை மாத்திரம் செலுத்திவந்தாற் பாசியின் பெரும்பகுதி இறந்துவிடும். பின்னர் பாதி நீரை மாற்றுதல் வேண்டும். தொட்டியில் வேரூன்றும் நீர்த்தாவரங்களை வளர்த்தால் அவை பாசியின் ஊட்டத்தைப் பங்குகொள்ளும். ஆனால் நிழலுக்கென்று சல்வீனியாவைக் கொண்டுவருதல் வேண்டாம். வாய்க்கால்களையும் வயல்களையும் கெடுத்த அக்களையை ஒரு வாளி நீரோடு வெளியே ஊற்றினாலும் போதும், பரவிவிடும்.

ஒரேயொரு தொட்டி வைத்திருப்போருட் பலருக்கு இவ்வளவே போதுமானது. நிழல் செய்தும், உணவைக் குறைத்தும், ஒரு மாதத்தின் பின்னும் பச்சை திரும்பி வருமாயின், அல்லது விற்பனைக்குரிய பல தொட்டிகள் ஒரே நீரைச் சுற்றிப் பயன்படுத்துமாயின், விளக்கு வாங்குவது தக்கது.

விளக்கு வேலைசெய்யும் விதம்

1877 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டவுன்சு, பிளண்டு என்னும் இருவர், நுண்ணுயிர் வளரத்தக்க கரைசலைச் சோதனைக் குழாய்களில் நிரப்பிச் சிலவற்றை வெயிலிலும் சிலவற்றை ஒளிபடாமல் மூடியும் வைத்தனர். மூடியவை கலங்கின, வெயிலில் இருந்தவை தெளிந்தே இருந்தன. ஒளிக்கு நுண்ணுயிரைக் கொல்லும் ஆற்றல் உண்டென்பது இதனால் அறியப்பட்டது. பிற்காலத்தில் இரச ஆவி விளக்கு இயற்றப்பட்டது. 1910 ஆம் ஆண்டில் பிரான்சின் மார்செய் நகரில் குடிநீரைத் தூய்மையாக்க அது பயன்படுத்தப்பட்டது. மீன் தொட்டிக்கென இன்று விற்கப்படுவது அதே கருவியின் சிறிய வடிவமாகும்.

வெயில் நுண்ணுயிரைக் கொல்லுமாயின், வெயிலில் வைத்த தொட்டியிற் பாசி பெருகுவதேன் என்று வினவலாம். சூரியனிடமிருந்து வரும் ஊதாக் கடந்த கதிர்களுள் மிகவும் வலியவை வளிமண்டலத்தின் மேற்பகுதியிலேயே தடுக்கப்படுகின்றன. நிலத்தை எட்டுவன மெலிந்தவை. அவற்றையும் தொட்டியின் கண்ணாடி பெருமளவில் மறிக்கின்றது. பாசிக்கு உணவாக்கும் கட்புல ஒளியோ தடையின்றி உட்புகுகின்றது. இரச ஆவி விளக்குத் தருவது சூரியன் நமக்குத் தராத அக்கதிரே. அதன் அலைநீளம் சுமார் 254 நனோமீற்றர். உயிர்க்கலத்தின் கருப்பொருளிலுள்ள மரபுச் சரத்தை அது சிதைக்கின்றது. சிதைந்த கலம் பெருக முடியாது மடிகின்றது.

சாதாரணக் கண்ணாடி இக்கதிரைக் கடத்தாது. எனவே விளக்கைக் குவாட்சு என்னும் படிகத்தாலான குழாயினுள் வைத்து, அக்குழாயைச் சுற்றி ஒளிபுகாத உறையொன்றினுள் நீரை ஓடச் செய்கின்றனர். கதிர் அவ்வுறைக்குள் மாத்திரம் வேலைசெய்கின்றது. இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படும். உறையினூடு செல்லும் உயிர்களையே விளக்குக் கொல்லும். கண்ணாடியில் ஒட்டிய பாசி, மணலிலுள்ள நற்பற்றீரியா, மீனின் உடலிற் பற்றிய ஒட்டுண்ணி ஆகியவற்றை அது தொடாது. நற்பற்றீரியாக்கள் பெரும்பாலும் பரப்புகளிலேயே ஒட்டி வாழ்வதனால், அவை அழிந்துவிடுமென அஞ்சவேண்டியதில்லை. இரண்டாவது, குளோரீனைப்போல் இது நீரில் எதனையும் விட்டுச் செல்வதில்லை. விளக்கை அணைத்த கணத்திலேயே அதன் வேலையும் முடிந்துவிடுகின்றது.

நீரோட்டத்தின் அளவு

கதிரின் வலிமையும் அதன் முன் நீர் தங்கும் நேரமும் சேர்ந்ததே கதிரளவு. அது சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை மில்லியூல் எனக் கணிக்கப்படும். பற்றீரியாக்கள் பலவற்றுக்குப் பத்து மில்லியூலளவே போதும். குளோரெல்லா போன்ற பாசிக்கு இருபதுக்கு மேல் வேண்டும். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் நீந்தும் பருவத்துக்கு ஏறக்குறைய நூறு வேண்டும். நீரோட்டத்தை இரட்டித்தாற் கதிரளவு பாதியாகும். எனவே 'பெரிய பம்பி நல்லது' என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. அரைகுறையாகச் சேதமுற்ற கலங்கள் சில, தொட்டிக்கு மீண்டபின் கட்புல ஒளியின் உதவியால் தம்மைச் செப்பனிட்டுக்கொள்ளவும் வல்லன.

உதாரணமாக, 3 அடி நீளமும் 1¼ அடி அகலமும் 1½ அடி உயரமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு சுமார் 159 லீற்றர். மணலையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் நீர் ஏறத்தாழ 130 லீற்றர் எனலாம். மணித்தியாலத்துக்கு 130 லீற்றர் விளக்கினூடு சென்றால், ஒரு மணித்தியாலத்தில் நீர் முழுவதும் சுத்தமாகிவிடும் என்று எண்ணலாகாது. சென்று மீண்ட நீர் செல்லாத நீரோடு கலந்துவிடுகின்றது. கணக்கின்படி முதல் மணித்தியாலத்தில் நூற்றுக்கு 63 பங்கு நீரே விளக்கின் முன் சென்றிருக்கும். இரண்டாவதில் 86 பங்கு. மூன்றாவதில் 95 பங்கு. ஆயினும் பாசி இரட்டிக்க ஒரு நாளளவு வேண்டியிருப்பதனால் விளக்கே வெல்லும். மூன்று நாள் முதல் ஒரு கிழமைக்குள் நீர் தெளிவதைக் காணலாம்.

பம்பியின் மேல் எழுதப்பட்ட அளவை அப்படியே நம்புதல் நன்றன்று. குழாயின் நீளமும் ஏற்றமும் வடிகட்டியின் அழுக்கும் அதனைக் குறைக்கும். விளக்கிலிருந்து வெளிவரும் குழாயை 10 லீற்றர் வாளியிற் பிடித்து, நிரம்பும் நேரத்தை மணிக்கூட்டிற் பார்த்தல் வேண்டும். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் மணித்தியாலத்துக்கு 300 லீற்றர். இவ்வளவு, விளக்கைச் செய்தோர் பாசிக்கெனக் குறித்துள்ள உச்ச அளவுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். நீர் முதலில் வடிகட்டியினூடாகவும் அதன் பின்னரே விளக்கினூடாகவும் செல்லத்தக்கவாறு குழாய்களைப் பூட்டுதல் அவசியம். அழுக்குத் துணிக்கையின் நிழலில் நுண்ணுயிர் தப்பிவிடும்.

பாசி ஒருங்கே மடியும் முதற் கிழமையிற் கவனம் வேண்டும். மடிந்தவை நீரைவிட்டு மறைந்துவிடுவதில்லை. அழுகி ஒட்சிசனை உண்டு அமோனியாவை விடுகின்றன. அக்கிழமையில் உணவைப் பாதியாக்கி, இரண்டு நாளைக்கொருமுறை வடிகட்டிப் பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசி, சிறிது நீரும் மாற்றிவரின் மீனுக்குக் கேடு வராது.

வன்னிக் கிணற்று நீரும் குவாட்சுக் குழாயும்

தேநீருக்கு நீர் சுடவைக்கும் கேத்திலின் அடியில் வெண்ணிறப் படை படிவதை இப்பகுதிக் குசினிகளில் எவரும் கண்டிருப்பர். வன்னீரிலுள்ள கல்சியச் சேர்வை வெப்பத்தினாற் கரையாத காபனேற்றாகிப் படிவதே அது. எரியும் விளக்கின் வெப்பத்தினாற் குவாட்சுக் குழாயின் மேலும் இதே படை மெல்லப் படிகின்றது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு விளக்கு எரிவதாகவே தோன்றும். கதிரோ படைக்குள் அடங்கிவிடும். வேறிடங்களில் ஆறு மாதத்துக்கொருமுறை துப்புரவாக்கும் குழாயை இங்கே மாதந்தோறும் துப்புரவாக்குதல் நன்று.

மின்னிணைப்பை முற்றாகக் கழற்றி, விளக்கு ஆறியபின், குழாயை எடுத்துத் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ கலந்த நீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, மென்மையான துணியாற் துடைத்தல் வேண்டும். தேங்காய்ப் பொச்சு, மணல், சாம்பல் ஆகியவற்றாற் தேய்த்தாற் கீறல் விழும். பின்னர் நன்னீரில் அலசி, கைவிரல் படாமல் உலர்ந்த துணியாற் பிடித்துப் பூட்டுதல் வேண்டும். விரலின் எண்ணெய்ப்பசையும் கதிரைத் தடுக்கும். நீர் கசியாது காக்கும் இறப்பர் வளையத்தையும் அவ்வேளையிற் பார்த்துக்கொள்ளல் வேண்டும், வெடித்திருந்தால் மாற்றவேண்டும்.

மாரியிற் சேமித்த மழைநீரைக் கிணற்று நீரோடு சரிபாதியாகக் கலந்தாற் படை குறையும். தனி மழைநீரைப் பயன்படுத்த வேண்டாம். கப்பியும் மொலியும் வன்னீரை விரும்புவன. களப்புக்கு அண்மையிலுள்ள கிணறுகள் கோடையில் உவர்க்குமாயின் அம்மீன்கள் அதனையும் ஓரளவு தாங்கும். பொன்மீன் அவ்வளவு தாங்காது.

விளக்கின் ஆயுள் பற்றியும் இவ்விடத்திற் கூறவேண்டும். இரச ஆவி விளக்கின் கதிர் நாளடைவிற் குறைந்து, சுமார் 8,000 மணித்தியாலத்தில், அதாவது இடைவிடாது எரித்தால் பதினொரு மாதத்தில், பயன்படாத நிலையை அடையும். நீலநிற வெளிச்சம் அதன் பின்னும் நெடுநாள் தெரியும். கண்ணுக்குத் தெரியும் அந்நீலம் வேலைசெய்யும் கதிரன்று. அக்கதிரைக் கண் காணாது. எனவே பூட்டிய திகதியைத் தாளில் எழுதி உறையின்மேல் ஒட்டிவைத்தல் வேண்டும். அடிக்கடி ஏற்றி அணைத்தலும் ஆயுளைக் குறைக்கும்.

வாங்கும்போது உறையின் மேல் 254 நனோமீற்றர் என்ற குறிப்பும், குவாட்சுக் குழாயும், தனியாக வாங்கத்தக்க மாற்று விளக்கும் உண்டோ என விசாரித்தல் வேண்டும். நீல வெளிச்சம் மாத்திரம் தரும் மலிவான குமிழ்களும் இதே பெயரில் விற்கப்படுகின்றன. 9 உவாற்று விளக்கொன்று மாதம் முழுவதும் எரிந்தால் ஏறக்குறைய 6½ அலகு மின்சாரம் செல்லும். பம்பியின் செலவு வேறு. அலங்கார மீன் வளர்ப்பைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர், 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தரைக் கலந்து, தொட்டிகளின் தொகைக்கேற்ற கருவியைத் தெரிந்துகொள்ளலாம்.

பாதுகாப்பு

எரியும் விளக்கை உறையின்றி ஒருபோதும் பார்க்கலாகாது. பார்த்த வேளையில் எவ்வித நோவும் தோன்றாது. சில மணித்தியாலத்தின் பின்னரே கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தலும் நீர் வடிதலும் உண்டாகும். அவ்வாறு நேர்ந்தால் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். 'எரிகின்றதா' என்று பார்க்கச் சிறுவர் உறையைத் திறவாதபடி அதனை எட்டாத இடத்திற் பூட்டுதல் நன்று. தொட்டியிற் கைவைக்குமுன் எல்லா மின்னிணைப்புகளையும் கழற்றுதல் வேண்டும். வயர் செருகிக்குச் செல்லுமுன் கீழ்நோக்கி வளைந்து தொங்குமாறு விட்டால், வயர் வழியே வடியும் நீர் அவ்வளைவிற் சொட்டிவிடும், செருகியை அடையாது. வீட்டில் ட்ரிப் சுவிச்சு இல்லாதோர் இக்கருவியைப் பூட்டுதல் தகாது.

விளக்கினுள் சிறிதளவு இரசம் உண்டு. உடைந்தால் யன்னல்களைத் திறந்துவிட்டு, தும்புத்தடியாற் கூட்டாது, தடித்த மட்டையாலும் ஈரத்துணியாலும் துண்டுகளை ஒற்றியெடுத்து, மூடியுள்ள போத்தலில் இடுதல் வேண்டும். அதனைக் கிணற்றடியிலோ வயல்வரம்பிலோ எறிதல் கூடாது.

2022 ஆம் ஆண்டின் பங்குனி இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு ஏற்பட்டது. அத்தகைய வேளைகளில் விளக்கு நின்றாற் கேடில்லை. காற்று நின்றாற் கேடு. ஆகவே விளக்கு வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பியொன்றை முதலில் வாங்குதல் அறிவுடைமை.

விளக்கை அணைக்கவேண்டிய வேளைகள்

மெதிலீன் நீலம் முதலிய சாய மருந்துகளைக் கதிர் சிதைத்துவிடும். மருந்திடும் நாள்களில் விளக்கை அணைத்தல் வேண்டும். வெண்புள்ளி நோய் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுவதை விளக்குக் குறைக்கும். ஆனால் நோயுற்ற மீனை அது குணமாக்காது. மருந்தும் தனித்தொட்டியும் வேண்டியவையே.

குஞ்சு வளர்ப்போருக்குப் பச்சை நீர் பகையன்று. தெள்ளுப்பூச்சி எனப்படும் சிறு நீருயிர்கள் பச்சை நீரை உண்டு பெருகுகின்றன; மீன்குஞ்சுகள் அவற்றை உண்டு கொழுக்கின்றன. முற்றத்தில் ஒரு சிமெந்துத் தொட்டியைக் கிடுகு வேயாமல் வெயிலில் விட்டு, நீரைப் பச்சையாக்கி, இவ்வுயிர்களை அதில் வளர்ப்போர் குஞ்சுணவுக்குப் பணம் செலவிடவேண்டியதில்லை. அத்தொட்டியின் வாயைக் கொசுவலையால் மூடுதல் வேண்டும், அன்றேல் நுளம்பு முட்டையிடும்.

ஐப்பசி பிற்பகுதியில் வடகீழ்ப் பருவ மழை தொடங்கி வானம் மூடியதும் பாசி தானே குறையும். அப்போது வரும் கலங்கல் பெரும்பாலும் மண் கலங்கலே. விளக்கைக் கழற்றி, குழாயைப் படைபோகக் கழுவி, உறையை உலர்த்தி, துணியிற் சுற்றி வைத்து, எரிந்த மாதங்களின் தொகையைத் தாளிற் குறித்துக்கொண்டால், தை பிறந்து வெயில் ஏறும்போது மீண்டும் பூட்டலாம். ஆண்டில் ஏழு மாதம் மாத்திரம் எரித்தால் ஒரு விளக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்குப் பயன்படும்.